துரு வேலைக்குக் காத்திருக்கும் பழைய லாரிக்கு எந்தப் பெயின்ட்? பூசிப் பார்த்து எழுதுகிறேன்

பழைய லாரிக்குத் துரு வேலை (அரித்துப்போன தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைப்பது) பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்த பிறகும், வேலை தொடங்கப் பல மாதங்கள் ஆகிவிடும். தகடு வாங்க வேண்டும், வெல்டருக்கு நேரம் ஒழிய வேண்டும், பணம் சேர வேண்டும். துரு அதுவரை காத்திருக்காது. கேபினின் கீழ் மூலையில் இன்று விரல் நுனி அளவில் இருக்கும் ஓட்டை, ஒரு மழைக்காலம் கழிந்தால் கை நுழையும் அளவுக்கு வந்துவிடும். சுற்றிலும் நல்ல தகடு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒட்டுத் தகடு சிறிதாகும். நல்ல தகடே இல்லையென்றால் வெல்டர் எதில் பற்றவைப்பார்? இடைக்காலத்தில் பெயின்ட் அடிப்பது அழகுக்காக அல்ல, இந்த மிச்சத் தகட்டைக் காப்பாற்றத்தான்.

என் லாரியில் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு பூச்சு போட்டு வைத்தேன். கதவு ஒன்று, மட்கார்டு ஒன்று, கூரை ஒன்று, பின்கதவு ஒன்று என்று. எல்லாமே ஒரே வண்டி, ஒரே மழை, ஒரே வெயில். அதனால் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று நேர்க்கு நேர் வைத்துப் பார்க்க முடிந்தது. நான் பார்த்தவை இரண்டுதான். தண்ணீரைத் தகட்டிடம் போகவிடாமல் தடுக்கிறதா? வெல்டிங் அன்றைக்குச் சிரமம் இல்லாமல், புகை விஷம் இல்லாமல், கழன்று வருகிறதா? பளபளப்பும் நிறமும் பிராண்டும் அப்புறம்தான். நிரந்தர வேலைக்குச் சிறந்த பூச்சு என்று பெயர் வாங்கிய சில, இந்த இரண்டாவது கேள்வியில் சறுக்கிவிடுகின்றன.

பூச்சுக்குப் போகுமுன் தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. லாரி கேபினில் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே அதைப்போலப் பல மடங்கு பரப்பு ஏற்கெனவே போயிருக்கும். கண்ணாடி ரப்பருக்குக் கீழே, கூரை ஓரத்து மழைக் காடியில், கதவின் அடி மடிப்பில், படிக்கட்டுக்கு மேலே இருக்கும் பெட்டித் தகட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். போன தகடு சொத்தென்று கேட்கும். அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். செலவே இல்லாத இந்த வேலை, நான் பூசிய சில பூச்சுகளைவிட அதிகப் பலன் கொடுத்தது. என் கதவின் அடியிலிருந்து சேறும் இலைத் தூளும் சேர்ந்த கருப்புக் குழம்பு வந்தது. அது உள்ளே இருந்தவரை தகடு ஈரமாகவே இருந்திருக்கிறது.

அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுத்த பிறகுதான் தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். முதலில் தேய்த்தால் பிசுக்கை உப்புத்தாளே தகட்டுக்குள் அழுத்திவிடும். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் துரு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பி துருவை எடுப்பதற்குப் பதிலாகச் சில இடங்களில் அதை மெருகேற்றிவிடுகிறது. பழுப்பாகப் பளபளவென்று இரும்பு மாதிரியே தெரியும், ஆனால் அது துருதான். அந்த இடத்தில் 80ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டால்தான் வெள்ளை இரும்பு தெரியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது, தூசிக்கு ஏற்ற முகமூடி கட்டாயம்.

இனி பூச்சுகள். முதலில், பெயின்டுக்கு அடியில் போடும் பிரைமரைப் பற்றி ஆளுக்கு ஆள் சொல்லும் யோசனை: “பிரைமர் மட்டும் அடிச்சு விடுங்க, போதும்.” இது போதவே போதாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே ஒரு கதவில் சாதாரண சாம்பல் பிரைமரை மட்டும் அடித்து விட்டேன். பார்க்கச் சீராக, வேலை முடிந்த மாதிரி இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு மூலையை நகத்தால் சுரண்டினேன். பிரைமர் மாவு மாதிரி உதிர்ந்தது. அடியில் ஊசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள், தேய்த்து வெள்ளையாக்கிய அதே இடம் முழுக்க. காரணம் எளிது. இந்த வகைப் பிரைமரில் டால்க் போன்ற நிரப்பிகள் நிறைய இருக்கும். சுலபமாகத் தேய்க்கவும், மேலே வரும் பெயின்ட் பிடிக்கவும் அப்படிச் செய்கிறார்கள். அதனாலேயே அது நுண்துளைகள் நிறைந்தது. தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும், வெளியே சீக்கிரம் காயாது. வெறும் இரும்பு மழையில் நனைந்தாலும் வெயில் அடித்ததும் காய்ந்துவிடும். பிரைமர் ஈரத்தை அதன்மேல் பிடித்து வைக்கும். மேல் பூச்சு இல்லாத பிரைமர் சில நாளைக்குச் சரி, பருவத்துக்குச் சரியில்லை.

ரெட் ஆக்சைடு பிரைமரைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மண் நிறத்தைப் பார்த்ததும் துருவைத் தடுக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்தச் சிவப்பு வெறும் இரும்பு ஆக்சைடு நிறமி. அது துருவைத் தடுப்பதில்லை. தடுப்பது அதனுடன் சேர்க்கப்படும் ஜிங்க் பாஸ்பேட் போன்ற பொருள்தான். டப்பாவில் ஜிங்க் பாஸ்பேட் என்று எழுதியிருந்தால் வாங்கலாம். அந்தக் காலத்து ரெட் லெட் பிரைமர் உண்மையிலேயே துருவைத் தடுத்தது, ஆனால் அது ஈயம். பழைய வண்டியின் சேசிஸில் ஆரஞ்சுச் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

அமிலம் கலந்த செல்ஃப் எட்ச் பிரைமர் சுத்தமான வெறும் இரும்பைப் பிடித்துக்கொள்வதில் நல்லது. ஆனால் படலம் மிக மெல்லியது, மேல் பூச்சு இல்லாமல் நிற்காது. அதன்மேல் எபாக்சி (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) அடிக்கக் கூடாது என்று பல எபாக்சித் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பள்ளம் நிரப்பும் பட்டியையும் அதன்மேல் நேரடியாகப் போடக் கூடாது. இடைக்கால வேலைக்கு எனக்கு இது தேவைப்படவில்லை.

துரு மாற்றி, அதாவது ரஸ்ட் கன்வெர்ட்டர், எனக்கு மிகவும் பிடித்துப்போன பொருள். ஆனால் அதற்கு உரிய இடத்தில் மட்டும். டானிக் அமிலம் உள்ள வகை துருவோடு வினைபுரிந்து அதை ஃபெரிக் டானேட்டாக மாற்றுகிறது. பால் மாதிரி வெள்ளையாக இருப்பதைப் பிரஷ்ஷால் தடவும்போது முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் துருவின் குழிகளில் ஊதா ஓடத் தொடங்கும். அப்புறம் கருநீலம், அப்புறம் முழுக் கருப்பு. பக்கத்தில் இருக்கும் சுத்தமான இரும்பின்மேல் அதே பொருள் நிறம் மாறாமல் மங்கலாகக் காய்ந்து நிற்கும். துரு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கருப்பு மை ஆகிறதே, அதே வேதியியல்தான் இது.

இதன் எல்லைகளும் இதிலேயே இருக்கின்றன. துரு இருந்தால்தான் இதற்கு வேலை. வெறும் இரும்பின்மேல் பூசிப் பயனில்லை. மேலே இருக்கும் துருவோடு மட்டுமே அது சேரும். பொருக்குப் பொருக்காக நிற்கும் துருவில் பூசினால் மேல் பொருக்கு கருப்பாகும், அடியில் சிவப்பு அப்படியே இருக்கும், நாளைக்குப் பொருக்கோடு சேர்ந்து பூச்சும் உதிரும். ஸ்க்ரேப்பரும் கம்பி பிரஷ்ஷும் போட்டு, உதிர்வதெல்லாம் உதிர்ந்த பிறகு, குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும். கருப்பான பிறகு அப்படியே விட்டுவிடவும் கூடாது. மழையில் அந்தக் கருப்பு நாளடைவில் சாம்பலாகி, மறுபடி பழுப்புப் புள்ளி வைக்கிறது. நன்றாகக் காயவிட்டு, மேலே எனாமல் அடித்தால் நிற்கிறது. பாஸ்பாரிக் அமில வகையில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மிச்ச அமிலம் தகட்டில் காய்ந்து கிடந்தால் அதன்மேல் எபாக்சி சரியாக ஒட்டாது. டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவித்தான் ஆக வேண்டும்.

எபாக்சி பிரைமர். இரண்டு டப்பா, கலந்து அடிப்பது. தண்ணீரைத் தடுப்பதில் நான் பூசியவற்றில் இதற்கு நிகர் இல்லை. மற்ற பிரைமர்போல ஈரத்தை உள்ளே விடாது, தேய்த்த இரும்பைக் கவ்விப் பிடிக்கும். கூரையின் வெறும் தகட்டில் இதைத்தான் போட்டேன். மழைக்காலம் போய் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தபோது அடியில் தகடு அன்றைக்குத் தேய்த்து விட்ட நிறத்திலேயே இருந்தது. பார்த்ததும் அவ்வளவு நிம்மதி.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இதைப் போடவில்லை? முதல் காரணம், சூரிய ஒளி. எபாக்சி வெயிலைத் தாங்காது. மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். மேலே ஒரு பூச்சு போட வேண்டும், அல்லது நிரந்தர வேலையின்போது மேலே உள்ள பொடியைத் தேய்த்து எடுக்க வேண்டும். இரண்டாவது, நேரம். கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சம் வீண். அடித்த பிறகு மறுபூச்சுக்கு என்று ஒரு கால எல்லை உண்டு. பெரும்பாலும் அது சில நாள்தான், டப்பாவோடு வரும் தாளில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் சொரசொரப்பாகத் தேய்க்காமல் அதன்மேல் எதுவும் ஒட்டாது. மூன்றாவது, குளிர். 15 டிகிரிக்குக் கீழே பல எபாக்சிகள் சரியாக இறுகுவதில்லை. நான்காவது, நாளைக்கு வெட்டி எறியப்போகிற தகட்டுக்கு இவ்வளவு நல்ல பூச்சு வீண். எனவே எபாக்சி எங்கே என்றால், வெட்டாமல் வைத்துக்கொள்ளப்போகிற தகட்டில், வெறும் இரும்பாகத் தேய்த்துவிட்ட இடத்தில். அங்கே அது தற்காலிகப் பூச்சாகவும் இருக்கும், பிறகு நிரந்தரப் பெயின்டுக்கு அடித்தளமாகவும் இருக்கும். இரண்டு வேலையும் செய்யக்கூடியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மீதி லாரி முழுவதற்கும் என் தேர்வு, ஆயில் எனாமல். இரும்புக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற அதே பெயின்ட்தான். தலைமுறை தலைமுறையாக இருக்கும் பெயின்ட் என்பதால் இதைத் தாழ்வாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. எண்ணெய் சார்ந்த பூச்சுகள் இரும்பைக் காப்பது பழைய அறிவு. 1921இல் தொடங்கிய ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தின் கதையே அதுதான். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கப்பல் தலைவர், துருப்பிடித்த கப்பல் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் துரு பரவாமல் நின்றதைக் கவனித்து, அதிலிருந்து பெயின்ட் செய்யத் தொடங்கினார்.

எனாமலின் பெரிய வசதி, கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வேண்டாம். நுரை ரோலர் ஒன்று, இரண்டங்குலப் பிரஷ் ஒன்று, பத்து சதவீதம் அளவுக்கு டர்பன்டைன். ரோலரில் மெல்லிசாக உருட்டி, குமிழி நிற்கும் முன்னே பிரஷ் நுனியால் ஒரே திசையில் லேசாக இழுத்துவிட வேண்டும். பழைய பெயின்ட் உறுதியாக இருக்கும் இடத்தில் அதன் பளபளப்பை 320ஆம் நம்பர் தாளால் மங்கவைத்தால் போதும், பிரைமரே வேண்டாம். துரு தெரிந்த இடத்தில் மட்டும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அல்லது துரு மாற்றி, அதன்மேல் எனாமல் இரண்டு கோட். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் மேலே ஆடை கட்டி, அடியில் காயாமலே இருக்கும். அப்படிப்பட்ட இடம்தான் வெயிலில் சுருங்கும். இந்த எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் எனாமல் என்றால் மறுகோட் நேரத்தைப் படித்துவிடுங்கள். பல டப்பாக்களில் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் கழித்து என்று இருக்கும். இடையில் அடித்தால் சுருங்கித் தோல் மாதிரி ஆகும்.

பின்கதவில் எனாமல் அடித்து, வேண்டுமென்றே சரக்கு உரசும் இடத்திலும் விட்டுப் பார்த்தேன். உரசிய இடத்தில் கீறல் விழுந்தது, கீறலில் துருக் கோடு வந்தது. ஆனால் கோட்டின் இரு பக்கமும் பூச்சு எழும்பவில்லை. துரு கீறலோடு நின்றது. அந்தக் கோட்டின்மேல் அதே டப்பாவிலிருந்து சின்னப் பிரஷ்ஷால் ஒரு தொடுப்பு, வேலை முடிந்தது. தற்காலிகப் பூச்சு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: ஒரு மாலைப்பொழுதில் யாரும் சரிசெய்யலாம்.

குறை இல்லாமல் இல்லை. எடுக்கும்போது இளசான எனாமல் உப்புத்தாளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், தாள் சீக்கிரம் அடைபடும். பெயின்டை இளக்கிக் கழற்றும் ஸ்ட்ரிப்பர் தடவி ஸ்க்ரேப்பரால் இழுத்தால் சுலபம். இன்னொன்று முக்கியமானது. நிரந்தர வேலையில் ஹார்டனர் கலந்த யூரிதேன் பெயின்டை எனாமலின் மேலேயே அடித்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. அதிலுள்ள வலுவான தின்னர் அடியிலுள்ள எனாமலைத் தூக்கிச் சுருக்கிவிடும். நல்ல பெயின்ட் அடிக்கும் நாளில் எனாமல் முழுவதையும் எடுத்தாக வேண்டும். அந்த உழைப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் எனாமலைப் பரிந்துரைக்கிறேன்.

துருவின்மேல் நேரடியாகப் பூசும் ஈரப்பதத்தில் இறுகும் யூரிதேன் வகை இருக்கிறது, பிஓஆர்-15 போல. சேசிஸுக்கு அருமையான பொருள். துருவின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு கல்லாக இறுகும். காற்றின் ஈரத்திலேயே இறுகுவதால், டப்பாவின் விளிம்பில் பெயின்ட் பட்டிருக்க மூடினால் பிறகு மூடியைத் திறக்கவே முடியாது. வழவழப்பான இரும்பைவிடத் துருவையே நன்றாகப் பிடிக்கும். வெயில் படும் இடத்தில் மேல் பூச்சு வேண்டும். ஆனால் நமக்குத் தேவை தற்காலிகம். இது தற்காலிகமே அல்ல. கிரைண்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஸ்ட்ரிப்பருக்கு அசையாது. அதைவிடப் பெரிய கவலை, யூரிதேன் பூச்சின்மேல் வெல்டிங் சூடு பட்டால் ஐசோசயனேட் ஆவி வரும். நுரையீரலுக்கு மிகக் கெட்டது. நாளைக்கு வெல்டிங் செய்யப்போகும் இடத்தில் இதைப் பூசுவது வெல்டருக்குச் செய்யும் கெடுதல். வெல்டிங்கே வராத சேசிஸ் பகுதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

உரித்து எடுக்கும் ரப்பர் பூச்சு, பிளாஸ்டி டிப் மாதிரி. “தற்காலிகம்” என்றதும் இதைத்தான் பலர் நினைக்கிறார்கள், பெயின்ட் உறுதியாக இருக்கும் வண்டிக்கு அது சரியான நினைப்பும்கூட. நாலைந்து கோட் தடிமனாக அடித்தால் தாளாக உரிந்து வரும். மெல்லிசாக அடித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். துருப்பிடித்த லாரிக்கு இது பொருந்தாது. மட்கார்டில் துருக் கொப்புளம் ஒன்றின் மேலேயே இதை அடித்திருந்தேன். மழைக்குப் பின் விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. ஓரத்தைக் கீறி உரித்தேன். உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. ரப்பர் கிழியவே இல்லை, அவ்வளவு நல்ல ரப்பர். கொப்புளத்தின் ஓட்டை வழியே உள்ளிருந்து வந்த தண்ணீரை அது வெளியே விடாமல் பிடித்து வைத்துவிட்டது. டீசல், பெட்ரோல் சிந்தும் இடத்திலும் இது கரையும்.

ஸ்டிக்கர் ஷீட், அலுமினியம் டேப் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஓட்டையை மூடும், ஈரத்தை உள்ளே பூட்டும். ஓட்டை கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து தண்ணீர் கேபினுக்குள் ஒழுகினால் டேப் ஒட்டுவதில் தவறில்லை. கீழ்ப் பக்கம் வடிய வழி விட்டு ஒட்டுங்கள்.

தார் பூச்சைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இந்த லாரியை எனக்கு முன் வைத்திருந்தவர் அடிப்பகுதி முழுக்கத் தார் அடித்து, ஓட்டைகளில் பட்டி திணித்து விற்றிருக்கிறார். தார் புதிதாக இருக்கும்போது நெகிழ்வாக இருக்கும். வயதானால் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் புகுந்து, தாருக்கும் தகட்டுக்கும் நடுவே உட்கார்ந்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் பிடிப்பது. ஆனால் தாரின் தடிமன் அந்த வீக்கத்தையும் மறைத்துவிடும். ஸ்க்ரேப்பரை நுழைத்தபோது தார் ஒரு பாளமாக வந்தது, அதன் உள்பக்கம் என் தளத் தகடு துருவாக ஒட்டியிருந்தது. பாலியஸ்டர் பட்டியும் தண்ணீரை உறிஞ்சும். துருவின்மேல் பட்டி போட்டு மூடி, மேலே பெயின்ட் அடிப்பது தற்காலிக வேலைகூட அல்ல.

உள் அறைகளுக்கு வேண்டியது பெயின்டே இல்லை, காயாத மெழுகு அல்லது லானோலின். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்புதான் லானோலின். ஃபுளூயிட் ஃபிலிம் போன்றவை அதை வைத்துச் செய்யப்படுகின்றன. நீளமான குழாய் முனையால் கதவின் உள்ளே, பெட்டித் தகட்டுக்குள் அடித்தால், மடிப்புகளுக்குள் தானே ஊர்ந்து போகும். துரு உள்ளிருந்து வருகிறது என்றேன். வெளியே எவ்வளவு நல்ல எனாமல் அடித்தாலும், உள்ளே இது இல்லாமல் பாதி வேலைதான். சக்கரத்தின் தண்ணீர் அடிக்கும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும், ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி அடிக்க வேண்டும். கதவு ரப்பரில் படாமல் பாருங்கள், சில ரப்பர் ஊதிவிடும். ஆனால் வெல்டிங் செய்யப்போகும் பெட்டிக்குள் இதை அடித்திருந்தால் வெல்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்ளே தீப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெட்டித் திறந்து, துடைத்து எடுத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். குளோரின் உள்ள பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது. அது வெல்டிங் வெளிச்சத்திலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயுவாக மாறும்.

காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை வெறும் தகட்டில் தடவுபவர்களும் உண்டு. பழைய நிறம் அப்படியே தெரிவதால் பார்க்க அழகாக இருக்கும், ஓரளவு காக்கவும் செய்யும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள். துத்தநாகம் கலந்த ஜிங்க் ஸ்ப்ரே சுத்தமான வெறும் இரும்பில் பட்டால்தான் வேலை செய்யும், துருவின்மேல் அடித்தால் வெள்ளிப் பூச்சு மட்டுமே. அதன்மேல் வெல்டிங் செய்தால் வரும் துத்தநாகப் புகை சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் கொண்டுவரும்.

எதை அடித்தாலும் தகட்டின் ஈரத்தைப் பாருங்கள். காற்று ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம். தகட்டின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். அதிகாலையில் லாரியின் தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பனி அதன்மேல் படிந்திருக்கும்போது பெயின்ட் அடித்தால், அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். வெயில் ஏறி, தகடு கைக்கு இதமாக ஆன பிறகு ஆரம்பித்து, மாலை இறங்குமுன் முடித்துவிடுங்கள்.

என் லாரியில் இப்போது நிற்கும் ஏற்பாடு இது. வெட்டப்போகும் மூலைகளில் துரு மாற்றியும் எனாமலும். வைத்துக்கொள்ளும் வெறும் தகட்டில் எபாக்சியும் அதைச் சொரசொரப்பாக்கி மேலே எனாமலும். பழைய பெயின்ட் உறுதியாக இருக்கும் இடத்தில் எனாமல் மட்டும். வெல்டிங் வராத உள் அறைகளில் லானோலின். சேசிஸ் நடுப்பகுதியில் யூரிதேன். எந்த இடத்தில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் லாரியின் படம் போட்டுக் குறித்து, கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வெல்டிங் கோட்டின் இரு பக்கமும் கையகல அளவுக்கு, தகட்டின் முன்புறமும் பின்புறமும், எல்லாப் பூச்சையும் எடுத்து வெள்ளை இரும்பாக்கிக் கொடுப்பது நம் பொறுப்பு. புகையைச் சுவாசிக்கப்போவது வெல்டர்.

நிறத்தைக் கேட்டால், வெளிர் சாம்பல் வாங்குங்கள். பழைய நிறத்தோடு பொருத்த நேரம் செலவிட வேண்டாம், எல்லாம் போகப்போகிறதுதான். கருப்பும் பழுப்பும் துருவை மறைக்கும். வெளிர் சாம்பலில் ஒரு மயிரிழைத் துருக் கசிவு வந்தாலும் மழை விட்ட அன்றே தெரிந்துவிடும், அன்றே தொட்டுவிடலாம். மிச்ச எனாமலைப் பெரிய டப்பாவில் காற்றோடு விட்டால் ஆடை கட்டி வீணாகும். சின்னக் கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, ஒரு பழைய பிரஷ்ஷோடு சீட்டுக்குப் பின்னால் வையுங்கள்.